குடியாத்தத்தில் ஒரு ஞாயிறு, 55 கிலோ பிரிவு

தறிச் சத்தம் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமையில் குடியாத்தத்தில் காலைக் கூட்டமெல்லாம் கறிக்கடை முன்னால்தான் இருக்கும். நான் போன அன்று கல்யாண மண்டபத்தின் பின்வாசலிலும் ஒரு கூட்டம் நின்றது. தோளில் துண்டு, கையில் தூக்குவாளி, சிலரிடம் ரப்பர் பட்டை. உள்ளே ஆணழகன் போட்டிக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் இல்லாத ஞாயிறு என்பதால் வாடகையைக் குறைத்துக் கொடுத்தார்களாம். ஒரு நிபந்தனை மட்டும்: சுவரில் யாரும் சாயக் கூடாது. உடம்பில் பூசும் சாயம் ஒட்டினால் போகாது. அதனால் மணமகன் அறைச் சுவர் முழுக்க ஆள் உயரத்துக்குப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

வேலூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு இரும்பு புதிதல்ல. 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவுத் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம், வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரிக்காரர். பளுதூக்குதல் வேறு, ஆணழகன் போட்டி வேறு. அங்கே தூக்கிய எடைதான் கணக்கு, இங்கே உடம்பின் கட்டும் அளவும். ஆனாலும் வந்திருந்த பாதிப் பேர் அவர் பெயரைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள். பேரணாம்பட்டில் தோல் வேலை, ஆம்பூரில் ஷூ கம்பெனி, மார்க்கெட்டில் மூட்டை, கல்லூரி இரண்டாம் வருஷம் என்று ஆளுக்கொரு பிழைப்பு. உடற்பயிற்சியே பிழைப்பாக இருப்பவர்கள் ஜிம் மாஸ்டர்கள் மட்டும்தான்.

55 கிலோ பிரிவுக்குப் பெயர் கொடுத்திருந்த ஒரு பையன் தராசில் 55.4 காட்டினான். ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, மண்டபத்துக்குப் பின்னால் வெயிலில் கயிறு தாண்ட ஆரம்பித்தான். எண்ணிக்கை சொன்னது அவனுடைய மச்சான், அக்கா புருஷன். அக்கா கொஞ்சம் தள்ளி, தூக்குவாளியை மடியில் வைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தம்பி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார்.

"மூணு மாசமா எங்க வூட்ல உப்பில்லாத கறிதாங்க. அவனுக்குன்னு தனியா ஆக்குனா கேஸ் கட்டுப்படியாவாது. எல்லாரும் அதையே துன்னோம். முட்டையில வெள்ளை அவனுக்கு, மஞ்சக்கரு எங்க பசங்களுக்கு."

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் ஏறக்குறைய மூன்றரை கிராம் புரதம். எடைப் பயிற்சி செய்கிற 55 கிலோ ஆளுக்கு நாளுக்குக் குறைந்தது 90 கிராமாவது வேண்டும். பருப்பும் கோழியும் பாதி கொடுத்தாலும், மீதிக்கு ஒரு டஜன் முட்டை உடைத்தாக வேண்டும். டப்பாவில் விற்கிற புரத மாவு வாங்கக் கட்டுப்படியாகாத வீட்டில் அந்த டஜன் முட்டைக்காக எது குறைந்தது என்று நான் கேட்கவில்லை. அக்காவின் பேச்சில் அது தானாகவே வந்தது. தீபாவளிக்கு எடுக்க வேண்டிய புடவை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். மேடையில் ஒரு பையன்தான் நிற்கிறான், அவனைக் கட்டி நிறுத்துவது ஒரு குடும்பத்து அடுப்பு. அன்று நான் பார்த்ததிலெல்லாம் பெரியது எனக்கு இதுதான்.

எடை இறங்கியது. மச்சானே அவன் முதுகில் சாயம் பூசினார். மேடை விளக்கின் வெளிச்சம் தோலை வெளுப்பாக்கிவிடும், தசைப் பிரிவுகள் தெரியாது. அதற்காகத்தான் இத்தனை கறுப்பு. அறையில் ஒருவர் தண்டால் எடுத்தார், ஒருவர் ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி இழுத்தார். மேடை ஏறுமுன் தசைக்குள் ரத்தம் ஏற்றும் வேலை இது. "பம்ப் வந்துச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். போட்டியாளர்கள்தான், ஆனாலும் சாயப் புட்டி கை மாறிக்கொண்டே இருந்தது.

மேடையில் ஏழு கட்டாய போஸ்கள். முன்னும் பின்னுமாக டபுள் பைசெப்ஸ், முன்னும் பின்னுமாக லேட் ஸ்ப்ரெட், சைடு செஸ்ட், சைடு ட்ரைசெப்ஸ், கடைசியாக வயிறும் தொடையும். எழுதிப் பார்த்தால் சுலபம். ஒவ்வொன்றிலும் கால் விரலிலிருந்து கழுத்து வரை இறுக்கிப் பிடித்து, நடுவர் விடச் சொல்லும்வரை சிரித்தபடி நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாத உடம்பில் அது நடுக்கமாக வெளிவந்தது. கூட்டம் பாதிப் பயிற்சியாளராகவே மாறியிருந்தது. "வயித்த இழுடா!", "கால, கால!" என்று பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் ஏறி நின்று கத்தினார்கள்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் லுங்கி நெசவாளர் ஒருவர் நின்றார். நரைத்த மார்பு, அளவான தோள். பின்பக்கம் திரும்பி ஆடுசதையை இறுக்கியதும் மண்டபமே எழுந்தது. இறங்கி வந்தவரிடம் கேட்டபோது, "அது தறி குடுத்ததுங்க, ஜிம்மு இல்ல" என்றார். குழித்தறியில் மிதித்து மிதித்து வந்த கால் என்பது அவர் நம்பிக்கை. ஜிம் மாஸ்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் நெசவாளர் பக்கம்.

சின்ன உருவக்காரர்களுக்கு இந்த விளையாட்டில் நல்ல முன்னோடி உண்டு. 1952-இல் லண்டனில் குள்ளமானோர் பிரிவில் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் வென்ற வங்காளத்து மனோகர் ஐச் ஐந்தடிக்கும் குறைவு. விடுதலைக்கு முன்பு சிறையில் இருந்த காலத்திலும் பயிற்சியை விடாதவர். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016-இல் மறைந்தார்.

தண்ணீர் விஷயத்தைச் சும்மா விட எனக்கு மனமில்லை. தசையில் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைக்கிறது. தண்ணீரை அடியோடு நிறுத்தினால் தோலடி நீர் மட்டும் போவதில்லை, மூன்று மாதம் கட்டிய தசையும் தட்டையாகிறது. ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். 1992-இல் நெதர்லாந்தில், உலகப் புகழ்பெற்ற ஆணழகன் முகமது பெனாசிசா போட்டி முடிந்த சில மணி நேரத்திலேயே இறந்தார். அவரைச் சுற்றி அனுபவசாலிகள் இருந்தும் அது நடந்தது. கயிறு தாண்டிய நம் பையனைச் சுற்றி இருந்தது ஒரு மச்சான் மட்டும். எடை பார்க்கும் மேசையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் ஒரு செவிலியரும் இருந்தால் போதும், பெரிய செலவில்லை. பாதி கிலோ கூடியவனை வெயிலுக்கு அனுப்பாமல் அடுத்த எடைப் பிரிவில் நிறுத்தலாம். அமைப்பாளர்களிடம் இதைச் சொன்னேன். அவர்களும் ஒருகாலத்தில் கயிறு தாண்டியவர்கள்தான், மறுக்கவில்லை. கோப்பை வாங்கவே வசூல் போதவில்லை என்றார்கள். ஒரு கோப்பையைக் குறைக்கலாம் என்றேன்.

55 கிலோவில் நம் பையனுக்கு நான்காம் இடம். மூன்று பேருக்குத்தான் பரிசு. பிரிவுகளின் முதல்வர்களெல்லாம் ஓவரால் பட்டத்துக்கு வரிசையாக நின்றபோது, அவன் திண்ணையில் அக்கா பக்கத்தில் இருந்தான். முதலில் தண்ணீர், சிறுகச் சிறுக. பிறகு தூக்குவாளி திறந்தது. உப்பும் காரமும் போட்ட பிரியாணி. மச்சானுக்கும் எனக்கும் பங்கு வந்தது.

சாப்பிட்ட கையோடு அவன் நேராக நடுவர் மேசைக்குப் போனான். "சார், எனக்கு எங்க குறைஞ்சுதுன்னு சொல்லுங்க." நடுவர் தாளைத் தேடி எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பிரித்துப் பிரித்துச் சொன்னார். மார்பும் கையும் சரி. முதுகு அகலம் போதாது. தொடையின் பின்பக்கம் வேலையே நடக்கவில்லை. "கண்ணாடியில தெரியிறத மட்டும் போட்டிருக்கடா. தெரியாததப் போடு. புல்-அப்ஸ் எடு, காலுக்கான நாளைத் தவற விடாத." பையன் எல்லாவற்றையும் செல்போனில் பதிந்துகொண்டான்.

"அடுத்த தபா 60-ல நிக்கட்டுமா சார்?"

"நில்லு. சாப்பிட்டு நில்லு" என்றார் நடுவர். பின்னால் இன்னும் நாலைந்து பேர் அதே கேள்வியோடு வரிசையில் நின்றார்கள்.