ஸ்பீக்கருக்குச் சேர்த்த பணமும் செவியின் கணக்கும்



சென்ற ஆண்டு நான் போட்டிருந்த சீட்டு முடிந்து 40,000 ரூபாய் கைக்கு வந்தது. கொடுக்க வேண்டிய கடன் ஏதும் அப்போது இல்லை. அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் உள்ள ஸ்டீரியோ அமைப்பை அந்தப் பணத்தில் புதுப்பிக்க வேண்டும் என்று நான் நெடுநாளாக எண்ணியிருந்தேன். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்கு இத்தகைய ஆசை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அதற்கு விடை தேடிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். என் பிழை ஒன்றும் இதில் உண்டு. அதை மறைத்தால் இதை எழுதுவதில் பயனில்லை.

என் அத்தா குவைத்தில் வேலை பார்த்தவர். நான் சிறுவனாக இருந்தபோது அவர் விடுமுறையில் வரும்போது ஒரு டேப் ரெக்கார்டரும் சில கேசட்டுகளும் கொண்டுவந்தார். ஃபஜ்ருக்குப் பின் எங்கள் வீட்டில் காரி அப்துல் பாஸித் (ரஹ்) அவர்களின் கிராஅத் ஒலிக்கும். பிற்பகலில் நாகூர் ஹனிஃபா அவர்களின் குரல் ஒலிக்கும். இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நான் இங்கு செல்லவில்லை. ஒரு குரலைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் எனக்கு அந்த வீட்டில்தான் வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பின்னாளில் ஓதிக்கொடுக்கும் பணிக்கு வந்தபோது, எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி (ரஹ்) அவர்களின் ஓதல் எனக்கு இரண்டாவது உஸ்தாதாக ஆனது. முழுக் குர்ஆனையும் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்து தந்தவர் அவர். 1961இல் அந்தப் பதிவு வெளிவந்தது. ஒவ்வோர் எழுத்தையும் அதன் பிறப்பிடத்திலிருந்து எடுத்து நிறுத்தி ஓதும் அந்த முறையைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதற்காகவே ஏழு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் பழைய விலைக்கு வாங்கினேன். மாலையில் பதினொரு பிள்ளைகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஓதுகிறார்கள்.

மூன்று எழுத்து, ஒரே ‘ஸ’

அரபியில் ஸாத், ஸீன், ஸா என்று மூன்று எழுத்துகள் உள்ளன. தமிழில் மூன்றையும் ‘ஸ’ என்றே எழுதுகிறோம். அல்ஹுஸரி என்ற பெயரில் இருப்பது ஸாத். தமிழில் எழுதிப் பார்த்தால் அது தெரியாது. ‘நஸ்ர்’ என்ற ஒரே தமிழ் எழுத்துக் கோவையைப் பாருங்கள். ஸாத் வந்தால் உதவி என்று பொருள்; 110ஆவது அத்தியாயத்தின் பெயர் அது. ஸீன் வந்தால் கழுகு. நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தார் வணங்கிய சிலை ஒன்றின் பெயரும் அதுவே (71:23). நாக்கின் நுனியைப் பல்லின் விளிம்பில் வைத்துச் சொல்லும் ஸா வந்தால் சிதறுதல் என்றாகும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இம்மூன்றையும் பிரித்தறியச் செவி ஒன்றே வழி.

சென்ற ஆண்டில் இந்த வேறுபாடு ஸ்பீக்கரில் எனக்கு மங்கலாகக் கேட்கத் தொடங்கியது. ஸீனுக்கு உரிய அந்தச் சீழ்க்கை ஒலி, தஜ்வீதில் ‘ஸஃபீர்’ என்று சொல்கிறோமே, அது துணி போர்த்தியதுபோல் அமுங்கியிருந்தது. கருவி பழசாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

புதுச்சேரி நகரில் ஒரு கடைக்குச் சென்றேன். நான் ஓதலைக் கேட்கவே வாங்குகிறேன் என்று சொல்லியும், கடைக்காரர் இருமடங்கு வாட் உள்ள ஆம்ப்ளிஃபையரை எடுத்துக் காட்டினார். அதோடு 8,000 ரூபாய் மதிப்புள்ள வயரும் வேண்டும் என்றார். இரண்டையும் வாங்கினால் என் பணம் முழுவதும் தீர்ந்துவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். அன்றிரவு 17ஆவது அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்கள் நினைவுக்கு வந்தன. வீண்விரயம் செய்வோரை அங்கே அல்லாஹ் ஷைத்தான்களின் சகோதரர்கள் என்கிறான். ஆனால் 25:67இல், செலவிடும்போது வரம்பு மீறாமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் இரண்டுக்கும் நடுவே நிற்பதை ரஹ்மானின் அடியார்களுடைய பண்பாகச் சொல்கிறான். அந்த நடு எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கைதட்டிப் பார்த்த மருமகன்

சார்ஜாவில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வேலை செய்யும் என் தங்கை மகன் அந்த வாரம் விடுமுறையில் வந்திருந்தார். கருவிகளை அவர் தொடவே இல்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். அந்த ஓசை சுவரில் பட்டு நடுங்கி அடங்குவதை எனக்குக் காட்டினார். “மாமா, தரையெல்லாம் டைல்ஸ், மேலே கான்கிரீட், பக்கத்தில் கண்ணாடி அலமாரி. ஓர் எழுத்து முடியும் முன்னே அதன் எதிரொலி அடுத்த எழுத்தின் மேல் விழுகிறது. முதலில் இந்த அறையைச் சரிசெய்யுங்கள்” என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறேன். ஆம்ப்ளிஃபையரின் வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. வீட்டில் அமைதியாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் ஒரு வாட்டே போதுமானது. வயர் போதிய தடிமனுடன், இணைப்பு உறுதியாக இருந்தால் போதும். அதற்கு மேல் கொடுக்கும் விலை காதுக்கு வந்து சேராது. பழைய பதிவில் இல்லாத ஒலியை எந்தக் கருவியாலும் உண்டாக்க முடியாது. கைப்பேசியில் மிகக் குறைந்த தரத்தில் சுருக்கிய கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மாற்றுவதும் பயனற்றது. எனவே முதலில் நல்ல பதிவு, அடுத்து அறை, பிறகு ஸ்பீக்கர், அதன் பின்னரே மற்றவை.

அவர் சொன்னபடியே செய்தோம். தேங்காய் நார் விரிப்பு ஒன்றும் கனமான பருத்தித் திரைகளும் வாங்கினோம். 4,100 ரூபாய் ஆனது. வெறும் சுவராக இருந்த இடத்தில் கிதாபுகள் அடுக்கிய அலமாரியை நகர்த்தினோம். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே கொண்டுவந்து, அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் வைத்தோம். கேட்பவரும் இரு ஸ்பீக்கர்களும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்குமாறு இடைவெளியைச் சமமாக்கினோம். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் ஓதலைக் கேட்டபோது அறையின் இரைச்சல் குறைந்து குரல் தனித்து நின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும் ஸீனின் கூர்மை எனக்குக் கிடைக்கவில்லை.

பழுது இருந்த இடம்

என் பதின்மூன்று வயது மகளை அழைத்துக் கேட்கச் சொன்னேன். “அத்தா, எனக்கு நல்லாத்தான் கேக்குது. ஸீன் தனியா தெரியுதே” என்றாள். மருமகன் கைப்பேசியில் ஒரு சோதனை ஒலியைப் போட்டு அதன் அதிர்வை மெல்ல மெல்ல உயர்த்தினார். நான் ‘நின்றுவிட்டது’ என்று கையைத் தூக்கிய பிறகும் மகள் நெடுநேரம் தலையசைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கைப்பேசியை அணைத்தார்.

அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குச் சென்றேன். முதலில் காதிலிருந்த அழுக்கை எடுத்தார்கள். பிறகு ஓசை புகாத சிறு அறையில் அமர்த்திச் செவித்திறனைப் பரிசோதித்து, வரைபடம் ஒன்றைத் தந்தார்கள். தாழ்ந்த ஒலிகளில் என் செவி சரியாகவே இருந்தது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு கீழே இறங்கியிருந்தது. மனிதர் பேசுவதில் உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் இருப்பதால், பிறர் பேச்சு விளங்குவதில் எனக்குத் தடை தெரியவில்லை. ஆனால் ஸீனின் சீழ்க்கை அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. வயதும் காரணமாக இருக்கலாம், நெடுங்காலம் உரத்த ஒலிக்கு அருகில் இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். கூம்பு ஒலிபெருக்கிகளின் அடியில் எத்தனை மேடைகளில் அமர்ந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். இழந்தது திரும்பாது, இருப்பதைக் காத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்கு வாருங்கள், தேவைப்படும்போது செவித்துணைக் கருவி பொருத்தலாம் என்றார்.

பேருந்தில் திரும்பும்போது என் உள்ளத்தை அறுத்தது செவியின் குறை அன்று. ஒன்பது வயது மாணவன் ஒருவனின் முகம். முந்தைய மாதம் அவன் நஸ்ர் அத்தியாயத்தை ஓதியபோது, ஸாத் சரியில்லை என்று மூன்று முறை நிறுத்தினேன். அவன் மூன்று முறையும் ஒரே விதமாக ஓதினான். பிடிவாதம் என்று கருதி மற்ற பிள்ளைகளின் முன் கடிந்துகொண்டேன். அவன் கண் கலங்கி அமர்ந்துவிட்டான். அவன் சரியாகத்தான் ஓதினானோ?

மறுநாள் எங்கள் மதரஸாவின் இளம் ஹாஃபிழ் ஒருவரை அழைத்து உட்கார வைத்து, அவனை மீண்டும் ஓதச் சொன்னேன். “ஹஜ்ரத், ஸாத் சரியாகவே இருக்கிறது” என்றார் அவர். பிள்ளைகள் அனைவரின் முன்னிலையிலும் அந்த மாணவனிடம், “தம்பி, நீ ஓதியது சரி. என் காதுதான் தவறாகக் கேட்டது. என்னை மன்னித்துவிடு” என்று சொன்னேன். மாலையில் அவன் வீட்டுக்குச் சென்று அவன் தாயாரிடமும் சொன்னேன். அவர், “பரவாயில்லை ஹஜ்ரத், அவன் அன்றிலிருந்து ஓத வரப் பயந்தான், இனி வருவான்” என்றார். அந்தப் பயம் என்னால் உண்டானது. செவி, பார்வை, உள்ளம் ஆகிய இவை ஒவ்வொன்றைப் பற்றியும் விசாரணை உண்டு என்று 17:36இல் வருவதை எத்தனையோ முறை பிறருக்கு விளக்கியிருக்கிறேன். அன்று அது எனக்காக இறங்கியதுபோல் இருந்தது.

செலவிட்ட விதம்

அப்படியானால் ஸ்பீக்கர் வாங்குவது வீண்தானே என்று மனைவியிடம் கேட்டேன். “உங்களுக்குக் கேக்காட்டியும் பிள்ளைகளுக்குக் கேக்குமே” என்றார். அந்தச் சொல்லில் எனக்கு வழி கிடைத்தது. பழைய ஸ்பீக்கர்களில் ஒன்றின் கூம்பு ஓரத்தில் கிழிந்திருந்தது உண்மை. எனவே மகளையும் அழைத்துக்கொண்டு வேறொரு கடைக்குச் சென்றேன். எங்கள் ஒலிப்பதிவையே எடுத்துச் சென்று, ஒரே அளவு ஒலியில் நான்கு சோடிகளைப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஓர் அமைப்பு சற்று உரக்க ஒலித்தாலே அது சிறந்தது என்று செவி ஏமாந்துவிடும். ஆகவே ஒலியளவைச் சமமாக வைப்பது அவசியம் என்று மருமகன் எச்சரித்திருந்தார். விலையை மகளிடம் சொல்லவில்லை. அவள் தேர்ந்தெடுத்தது 14,500 ரூபாய்ச் சோடி. நான்கில் அது விலையில் மூன்றாவது. ஆம்ப்ளிஃபையரை மாற்றவில்லை. வயர், மின்கடையில் மீட்டர் கணக்கில் வாங்கியது.

மீதி 21,000 ரூபாய்க்குச் சற்று மேல். என் செவிக்குக் கருவி தேவைப்படும் நாளுக்காக அதை அப்படியே வைத்திருக்கிறேன். எழுத்துத் தேர்வுக்கு இப்போது அந்த இளம் ஹாஃபிழும் என்னோடு அமர்கிறார். ஸாத், ஸீன், ஸா மூன்றிலும் அவர் தீர்ப்பே இறுதி.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டார் வேற்றுச் சமயத்தவர்; அங்கே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறாள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. நமக்கோ அதைவிடப் பழைய எல்லை உண்டு. பள்ளியில் இஃதிகாஃப் இருந்த நபி (ஸல்) அவர்கள், சிலர் உரக்க ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் இறைவனிடம் உரையாடுகிறீர்கள், ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தராதீர்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தியதை அபூதாவூதில் காண்கிறோம். ஓதலுக்கே அந்த ஒழுங்கு என்றால் கருவிக்கு எவ்வளவு! புதிய ஸ்பீக்கர் வந்தபின் ஒலியை முன்னைவிடக் குறைத்தே வைக்கிறோம். அறை அமைதியாக இருப்பதால் அது போதுமானதாக இருக்கிறது.

சகோதரர்களே, கேட்கும் கருவிக்குச் செலவிடுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பணத்தை எடுக்கும் முன் பழுது எங்கே என்று பாருங்கள்; அறையிலா, பதிவிலா, கருவியிலா, நம்மிடத்திலா? நாற்பதைக் கடந்த ஓதிக்கொடுப்போர், முஅத்தின்கள், பயான் செய்வோர் ஒருமுறை செவியைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரிசோதிக்காமல் ஒரு பிள்ளையை அழ வைத்ததுதான் வெட்கம்.

நபி (ஸல்) அவர்கள் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச் சொன்னார்கள். தங்களுக்கே அருளப்பட்டதைத் தாம் எப்படி ஓதிக்காட்டுவது என்று அவர் தயங்கியபோது, பிறர் ஓதக் கேட்பதை விரும்புவதாகக் கூறினார்கள். அவர் நிஸா அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தை அடைந்ததும் போதும் என்றார்கள். அவர் ஏறிட்டுப் பார்த்தபோது நபியவர்களின் கண்கள் நீர் வடித்துக்கொண்டிருந்தன. புகாரியில் வரும் இச்செய்தியை நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். இப்போது அந்த ஒன்பது வயதுப் பிள்ளை ஓதும்போது குறுக்கிடாமல் முழுவதும் கேட்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் செவிகளைப் பாதுகாப்பானாக! கேட்பதைக் கொண்டு பயன்பெறுவோராகவும், செலவில் நடுநிலை காப்போராகவும் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.