பன்னிரண்டு நிமிடம்

ஜூலை 7, 2025, திங்கள், சந்திரகிரி

டீக்கடை எதிரில் வண்டி நின்றது. பத்துச் சக்கர லாரி. மதனப்பள்ளித் தக்காளியைச் சென்னையில் இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு திரும்புகிறது. டிரைவர் அண்ணன் நாமக்கல்காரர், ஐம்பதைத் தாண்டியவர்.

எங்கள் ஆய்வுக் குழுவின் பதிவுக் கருவியைக் காட்டினேன். பிஎஸ்-6 வண்டி என்பதால் என்ஜின் சுற்று, டீசல் செலவு, பிரேக் மிதி எல்லாம் ஜே1939 என்ற தகவல் பரிமாற்ற முறையில் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கருவியைச் சொருகினால் அத்தனையும் பதிவாகிவிடும்.

"இதெல்லாம் ஓனருக்குப் போகுங்களா தம்பி?"

போகாது என்றேன். அவர் பெயரும் வண்டி எண்ணும் கோப்பில் இருக்காது என்று ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகனுக்குப் படம் பிடித்து அனுப்பப் போகிறாராம், கையெழுத்து நாளைக்கு.

ஜூலை 8, செவ்வாய்

மகன் சரி என்று சொல்லிவிட்டான். கையெழுத்துப் போட்டார்.

பாகராப்பேட்டை மலைப்பாதையில் ஏறினோம். காலி வண்டிதான், ஆனாலும் வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டியிருந்தது. கனரக லாரிகளுக்கான டீசல் செலவு விதி நம் நாட்டில் 2017-ல் அறிவிக்கப்பட்டது. அந்த விதிப்படியான சோதனையில் வண்டி 40 கி.மீ., 60 கி.மீ. என்று மாறாத வேகத்தில் ஓடும். இந்த ஏற்றத்தில் எந்த வேகமும் அரை நிமிடம் நிலைக்கவில்லை. நான் கேபினில் உட்கார்ந்திருக்கும் காரணமே இதுதான். நிஜச் சாலையின் கணக்கு வேண்டும். மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 1982-ல் முடித்த பெரிய சாலைப் பயன்பாட்டுச் செலவு ஆய்விலும் லாரிகளை ஓட்டித்தான் டீசலை அளந்தார்கள். அந்தத் தலைமுறை லாரிகள் இன்று சாலையில் பெரும்பாலும் இல்லை.

மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் தாறுமாறாகக் குதித்தது. உயரம் தப்பானால் சரிவும் தப்பாகிவிடும். காற்றழுத்த அளவியையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன், அதிகாலை

மதனப்பள்ளியிலிருந்து முழுத் தக்காளி லோடோடு அதே மலைப்பாதையில் இறக்கம். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரிலேயே விட்டார். திரையில் என்ஜின் சுற்று 1,800-ஐ ஒட்டி நிற்கிறது, டீசல் அளவு பூஜ்யம். மறுபடி பார்த்தேன், பூஜ்யமேதான். கியரில் இருக்கும்போது இறக்கத்தில் சக்கரமே என்ஜினைச் சுற்றுகிறது, டீசல் நின்றுவிடுகிறது. நியூட்ரலில் உருட்டினால் என்ஜின் அணையாமலிருக்க டீசல் செலவாகும், வேகத்தைப் பிடிக்கிற வேலை முழுக்க பிரேக்கின் தலையில் விழும். மைலேஜ் வேண்டும் என்று நியூட்ரலில் விடச் சொல்கிற ஓனர்கள் திரையில் பூஜ்யத்தில் ஓடும் இந்த ஒரு கோட்டைப் பார்க்க வேண்டும்.

2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்தது இந்த மலைப்பாதையில்தான். அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அடிவாரத்தில் ஓரங்கட்டினார். டார்ச்சோடு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைத் தொடாமல் காட்டிப் பார்த்தார். பின்பக்கம் இடது சக்கரத்தில் கை நின்றது. "இது மட்டும் சூடு ஜாஸ்தி. லைனர் ஒரு பக்கமாப் பிடிக்குது, பட்டறைல காட்டோணும்." தண்ணீர் ஊற்றலாமா என்றேன். "டிரம் வெடிச்சுப் போயிருமுங்க தம்பி." பன்னிரண்டு நிமிடம் ஆறவிட்டுத்தான் கிளம்பினார்.

ஜூலை 11, வெள்ளி

நேற்றைய கோப்பைத் திறந்தேன். என்ஜின் ஓட, வேகம் பூஜ்யமாக நின்ற அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கள் நிரல் 'வீண் நிறுத்தம்' என்று சிவப்புப் பட்டை போட்டிருக்கிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தாள் மட்டும் ஒரு ஓனர் கைக்குப் போனால் பேட்டாவில்தான் பிடிப்பார். சக்கரச் சூடு எந்த வரிசையிலும் இல்லை, உள்ளங்கையும் இல்லை.

மாலை, அட்டவணையில் 'டிரைவர் சொன்ன காரணம்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். அது நிரம்பாமல் எந்த நிறுத்தத்துக்கும் பெயர் வைக்கக் கூடாது என்று குழுவிடம் சொன்னேன். வேலை இரட்டிப்பாகும் என்றார்கள். ஆகட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணனுக்குப் போன் போட்டேன். பட்டறையில் இருந்தார், இடது லைனர் மாற்றுகிறார்களாம். புதிய பத்தியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படின்னா எட்டாந்தேதி ஏத்தத்துல நின்னதையும் எழுதிக்கங்க தம்பி. தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருச்சு, இறுக்கிக் கட்டினேன்" என்றார்.

நேரம் கேட்டேன். காலை ஒன்பதே கால் இருக்கும் என்றார். கோப்பில் 9:17.