டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர்... 3 நாளா, 5 நாளா, 7 நாளா? கிழமை பார்த்துக் கிளம்புங்க!

இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். பாட்டி முதல் பேத்தி வரை மொத்தக் குடும்பமும் தாஜ்மஹால் வாசலில் நிற்கிறது. கதவு திறக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை! மறுநாள் காலை ஜெய்ப்பூருக்கு ரயில். முழங்கால் வலியோடு வந்த பாட்டி இன்னொரு முறை இவ்வளவு தூரம் வர முடியுமா?

வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மஹாலுக்குச் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை. டெல்லி செங்கோட்டைக்கும் அக்‌ஷர்தாம் கோயிலுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அதனால் டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்கள்.

எத்தனை நாள் தேவை?

டெல்லியிலிருந்து ஆக்ரா சுமார் 230 கி.மீ., ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் சுமார் 240 கி.மீ. ஜெய்ப்பூரிலிருந்து மறுபடி டெல்லிக்கு சுமார் 270 கி.மீ. மேப்பில் நாலைந்து மணி நேரம்தான். ஆனால், பெட்டி கட்டி, ரூமைக் காலி செய்து, அடுத்த ஊரில் ரூம் எடுப்பதற்குள் அரை நாள் ஓடிவிடும்.

3 நாள்: டெல்லியும் ஆக்ராவும் போதும். ஜெய்ப்பூரை அடுத்த முறைக்கு வையுங்கள்.

5 நாள்: மூன்று ஊரும் பார்க்கலாம். சென்னையில் இரவு கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மூன்றாம் நாள் விடியும் முன்பே ஆக்ரா கன்டோன்மென்ட்டில் நின்றுவிட்டுத்தான் டெல்லி போகிறது. முதலில் ஆக்ராவில் இறங்கினால், டெல்லி போய்த் திரும்பி வரும் அலைச்சல் மிச்சம். ஆனால், புதன் இரவு ஏறினால் வெள்ளியன்று போய் இறங்குவீர்கள். வியாழன் இரவு ஏறுங்கள்.

சனி: தாஜ்மஹால், ஆக்ரா கோட்டை.
ஞாயிறு: வழியில் அக்பர் கட்டிய ஃபதேபூர் சிக்ரி, இரவு ஜெய்ப்பூர்.
திங்கள்: ஆம்பர் கோட்டை, ஹவா மஹால், ஜந்தர் மந்தர். செங்கோட்டையின் விடுமுறை நாள் இங்கேயே கழிந்துவிடும்.
செவ்வாய்: காலையில் கிளம்பி டெல்லி. மாலையில் குதுப்மினார்.
புதன்: செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை. இரவு ஊருக்கு ரயில்.

7 நாள்: பெரியவர்கள் விரும்பும் மதுரா, பிருந்தாவனத்துக்கு ஒரு நாள். ஆக்ராவிலிருந்து மதுரா சுமார் 60 கி.மீ.தான். இன்னொரு நாளை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். ரயில் தாமதமானாலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த நாள் கைகொடுக்கும்.

எப்போது போகலாம்?

அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் பனிமூட்டத்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். காலை நேரத்தில் தாஜ்மஹாலே கண்ணுக்குத் தெரியாத நாள்களும் உண்டு. மே, ஜூன் வெயில் வயதானவர்களுக்கு ஆகாது.

தாஜ்மஹாலுக்குள் பெரிய பைகளுக்கும் சாப்பாட்டுக்கும் அனுமதியில்லை. காலையிலேயே போனால் கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு.

பட்டியலில் நாலு இடம் குறைந்தால் ஒன்றும் நஷ்டமில்லை. யமுனைக் கரையில் பாட்டி அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்தாரா என்பதுதான் முக்கியம்!