ஒரு கிலோ நானூறு

வெயில் ஏறுவதற்குள் கூட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்றுதான் பேச்சு. ஆனால் எலுமிச்சைத் தோப்புக் காவலுக்குப் போனவர்கள் திரும்ப வேண்டும், தண்ணீருக்குப் போன பெண்கள் குடத்தை இறக்கி வைக்க வேண்டும். பத்து மணிக்கு மேல்தான் சமுதாயக்கூடத்தின் முன்னால், புளியமர நிழலில், பாய் விரிந்தது. பங்குனி மாதம். தேன் எடுக்கிற காலம் இன்னும் சில வாரங்களில் வந்துவிடும்.

தென்காசியிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே போனால் கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று ஊர்கள் வரிசையாக வரும். இடதுகைப் பக்கம் மலையும் கூடவே வரும். தோப்புகள் முடிந்து காடு தொடங்குகிற அந்த அடிவாரத்தில்தான் பளியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. வாசுதேவநல்லூருக்கு மேற்கே இருக்கும் தலையணை அவற்றில் பலருக்கும் தெரிந்த பெயர். மதுரைப் பக்கமிருந்து குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்கள் இந்தச் சாலை வழியாகத்தான் போகிறார்கள். மலையைப் பார்ப்பார்கள், மலையடியில் இருப்பவர்களைப் பார்ப்பது குறைவு.

இன்றைய கூட்டம் ஒரு குடியிருப்புக்கு மட்டுமானது அல்ல. லோடு ஆட்டோ ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நிற்கிறது. பக்கத்து அடிவாரத்து ஆட்கள் இறங்குகிறார்கள். பெண்கள் பாயின் முன்வரிசைக்குப் போய்விட, ஆண்கள் சுவரை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்காருகிறார்கள். ஒருவரை ஒருவர் குசலம் விசாரிப்பது அடங்கவே கால் மணி நேரம் ஆகிறது. கல்யாணம், கருமாதி, யானை வந்த தடம், யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் அங்கே பரிமாறப்படுகிறது. இது கூட்டத்துக்கு முந்திய பேச்சு அல்ல, கூட்டத்தின் முதல் பகுதியே இதுதான் என்பது திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் போகப் போகத்தான் விளங்கியது.

அடுத்து மனுக்கள். ஒரு தாய் பாலித்தீன் பையைப் பிரித்து, மடித்து மடித்து நைந்துபோன காகிதங்களை எடுக்கிறாள். மகன் பத்தாவது முடித்துவிட்டான். மேலே சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். “போன வருசமும் இதத்தான் கொடுத்தேன். திரும்பவும் கொண்டான்னு சொல்லுதாவ” என்கிறாள். குரலில் கோபம் இல்லை. எத்தனையாவது முறையாகச் சொல்கிறாளோ. வன உரிமைக் குழுவில் இருக்கும் இளைஞன் ஒருவன் அவள் பெயரை நோட்டில் எழுதிக்கொள்கிறான்.

அவனே எழுந்து சட்டத்தைப் பற்றிச் சொல்கிறான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். காட்டில் காலங்காலமாகக் குடியிருந்து பாடுபட்ட நிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை, உரிமை உண்டு. தேன், மெழுகு, கிழங்கு, மூலிகை முதலான சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை உண்டு. சரணாலயத்துக்குள்ளும் இந்தச் சட்டம் செல்லும். இந்த மலைப்பகுதி 2015இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதால் இந்தக் கடைசி வரியை அவன் இரண்டு முறை சொல்கிறான். பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்: “சட்டம் இருக்குன்னு கீழ கேக்கவங்ககிட்ட யாரு சொல்லுவா?” இளைஞன் நோட்டைத் தட்டுகிறான். “அதுக்குத்தான் எழுதிக் கொடுக்கோம் மாமா.”

பதினொன்றரை மணிக்குத் தேன் விற்பனைப் பயிற்சி தொடங்கியது. பயிற்சி கொடுக்க வந்த பெண்மணியை எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். பைக்குள்ளிருந்து அவர் எடுத்தவை மூன்று: ஒரு மின்தராசு, உள்ளங்கை நீளத்தில் ஒரு குழல், சில காலி பாட்டில்கள். பேச்சை வளர்க்கவில்லை. வீட்டில் தேன் மிச்சம் இருக்கிறவர்கள் கொண்டுவரச் சொன்னார். ஒரு அக்கா ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் நிறையக் கொண்டுவந்தாள். போன வருடத்து மலைத்தேன், கறுப்புக்குப் பக்கத்தில் இருந்தது நிறம்.

“இதை யாவாரிகிட்ட என்ன கணக்குல கொடுப்பீங்க அக்கா?”

“ஒரு பாட்டில் ஒரு கிலோ.”

டீச்சர் அதே மாதிரிக் காலி பாட்டில் ஒன்றைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யம் ஆக்கினார். காலி பாட்டிலை எடுத்துவிட்டுத் தேன் பாட்டிலை வைத்தார். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. முன்வரிசையில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள்: “ஒண்ணு புள்ளி நாலு சைபர் ரெண்டு.”

பாய் முழுக்கச் சத்தம் நின்றுபோனது.

தேன் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம். பள்ளிக்கூடத்தில் இது அறிவியல் பாடம். இங்கே இது கூலி. ஐந்து பாட்டில் கொடுத்தால் ஏழு கிலோ போகிறது. காசு வருவது ஐந்து கிலோவுக்கு. வாங்கும்போது பாட்டில் கணக்கு, கீழே கடையில் விற்கும்போது எடைக் கணக்கு. தேன் கொண்டுவந்த அக்கா எழுந்து வந்து தானே பாட்டிலை எடுத்தாள், மறுபடி வைத்தாள். எண் மாறவில்லை. மூன்றாவது முறையும் வைத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது டீச்சரின் பாடத்தில் இல்லாதது. தேன் கொண்டுவந்தவள் திரும்பி, ஆட்டோவில் வந்திருந்த பெண்ணிடம் கேட்டாள், “ஒங்க பக்கம் என்ன வெலைக்கு எடுக்காவ?” அவள் சொன்னாள். இவள் தன் விலையைச் சொன்னாள். இரண்டுக்கும் நடுவே நூறு ரூபாய் இடைவெளி. வாங்குகிற ஆள் ஒருவரேதான் என்பதும் பேச்சில் தெரிந்துவிட்டது. மூன்றாவது குடியிருப்பில் காசே கைக்கு வருவதில்லை. முன்கூட்டி வாங்கிய அரிசிக்கும் பருப்புக்கும் கழித்துக்கொள்ளப்படுகிறது. கடுக்காய், நெல்லிக்காய், சிகைக்காய் என்று பேச்சு நகர நகர, ஒவ்வொன்றுக்கும் குடியிருப்புக்கு ஒரு விலை என்று வெளிவந்தது. தனித்தனியாக இருந்தபோது அவரவர்க்குத் தெரிந்தது ஒரு விலைதான். ஒரே பாயில் உட்கார்ந்த பிறகுதான் எல்லா விலையும் தெரிந்தது. டீச்சர் பேச்சை நிறுத்தவில்லை. தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ பயிற்சிக் கூட்டங்களில் இந்த அரை மணி நேரத்துக்குத்தான் இடம் இருப்பதில்லை.

பிறகு அந்தக் குழல். தேனில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கிற கருவி. முனையில் சாய்ந்த கண்ணாடி. அதில் ஒரு சொட்டுத் தேனை வைத்து மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண் வைத்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு தெரியும். கோடு நிற்கிற எண்தான் கணக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பாறையில் கட்டும் பெருந்தேனீயின் தேனில் ஈரம் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் சில பாட்டில்கள் நுரைத்துப் பொங்குகின்றன, புளித்துப் போகின்றன. குழல் கைக்குக் கை மாறிச் சுற்றி வந்தது. இருபத்து மூன்று என்றார்கள்.

சுவர் ஓரத்துப் பெரியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. மெலிந்த உடம்பு, கால் பெருவிரல்கள் மற்ற விரல்களிலிருந்து விலகி விரிந்திருந்தன. பாறையைப் பற்றிப் பற்றி ஏறிய கால். குழலில் பார்க்கச் சொன்னபோது வேண்டாம் என்று கையசைத்தார். “மூடாத கண்ணையும் சேத்துப் புழிஞ்சிருக்காவ. அடையில மெழுகு போட்டு மூடுன பிறவுதான் எடுக்கணும். பொறுக்க மாட்டேங்காவ. இவன் எடுக்கதுக்கு முந்தி அவன் எடுத்திருவான்னு பயம்.”

டீச்சர் சிரித்து, “கருவி சொன்னதை நீங்களும் சொல்லிட்டீங்க தாத்தா” என்றார். தேனீ தன் சிறகால் விசிறி ஈரத்தை வற்றவைத்த பிறகே அடையின் கண்ணை மெழுகால் மூடும். பெரியவருக்கு அது எண்ணாகத் தெரியாது, காரியமாகத் தெரியும். தேன் இருக்கும் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு முட்டையும் புழுவும் இருக்கும் அடையை விட்டுவிட்டால் கூட்டம் அங்கேயே மறுபடி கட்டும் என்பதையும் அவர் சொன்னார். பாறையில் இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது யார் என்று ஒரு பையன் கேட்டான். “மச்சான்தான். அக்கா தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா. விடமாட்டான்.” எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

லேபிள் பாடம் கடைசியாக வந்தது. பொருளின் பெயர், நிகர எடை, அடைத்த மாதம், தொகுதி எண், விலை, தயாரித்தவர் முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண். சிறிய அளவில் வியாபாரம் செய்கிறவர்களுக்குப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான் என்று டீச்சர் சொன்னதும் பென்சில்கள் எழுதின. பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் கோடு போட்ட தாளில் மாதிரி லேபிள் வரைந்தாள். எடை, மாதம் எல்லாம் நிரப்பிவிட்டு, முகவரி என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள். வீட்டுக்குப் பட்டா இல்லை. காலையில் பேசிய நில உரிமையும் மத்தியானம் பேசிய வியாபாரமும் அந்த ஒரு கட்டத்தில் வந்து முட்டிக்கொண்டன. தொழில் பயிற்சியை ஒருபுறமாகவும் உரிமைப் பேச்சை இன்னொருபுறமாகவும் நடத்துகிறவர்கள் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். பட்டாவுக்கு அலைகிறவளும் லேபிள் ஒட்டப்போகிறவளும் ஒரே பெண்.

சோறு வேகும் வாசனை வந்தது. பந்தி விரிக்கும் வரை டீச்சர் மற்ற இடத்துக் கதைகளைச் சொன்னார். செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைத் தோலுக்கு விற்ற கைகள் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கும் கைகளாயின. நீலகிரியில் ஆதிமலை என்ற உற்பத்தியாளர் நிறுவனத்துக்குப் பழங்குடிகளே பங்குதாரர்கள். இதே மலைத்தொடரின் தெற்கே, கேரளப் பக்கத்துக் காணிக்காரர்கள் 1987இல் ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப் பச்சை என்ற செடியிலிருந்து மருந்து பிறந்தது. அதற்காக ஆராய்ச்சி நிலையத்துக்கு வரும் உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி அவர்களுக்கென்று முடிவாகி, அதை வாங்க 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது.

டீச்சரின் கடைசிக் கதை கடல் தாண்டிப் போனது. அமெரிக்காவில் செரோக்கி என்றொரு தொல்குடி. 1838, 39இல் பட்டாளத்தைக் கொண்டு சொந்த மலைநாட்டைவிட்டு விரட்டப்பட்டு, வழியெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களைப் பறிகொடுத்து ஓக்லஹோமா போய்ச் சேர்ந்தவர்கள். இன்று நாலு லட்சத்துக்கும் மேல் குடிமக்கள். பெரும்பாலோர் வெளியூர்களில் சிதறி இருக்கிறார்கள். அவர்களும் ஊர் ஊராகக் கூடுகிறார்கள், சிறுதொழில் வகுப்பும் நடத்துகிறார்கள். பெரியவர் கேட்டார்: “அவங்களையும் காட்டவிட்டு எறக்கிட்டாவளா?”

சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் எதிர்பார்த்த அளவுக்கு நேரம் ஆகவில்லை; முடிவுகள் மளமளவென்று வந்தன. பொதுப் பணத்தில் முதல் செலவு தராசு. இனி எந்தக் குடியிருப்பிலும் பாட்டில் கணக்கு கிடையாது. மூடின அடை மட்டும் எடுப்பது. சித்திரை பிறப்பதற்குள் மறுபடி கூடி விலையை ஒன்றாகப் பேசுவது. அந்தக் கூட்டம் அடுத்த குடியிருப்பில். பழங்குடிகளின் வன மகசூலுக்காக 2018இல் வந்த மத்திய அரசின் வன் தன் திட்டத்தில் ஒரு மையத்துக்கு 15 குழுக்கள், குழுவுக்கு 20 பேர், ஆக 300 பேர் என்று கணக்கு. இங்கே எந்த ஒரு குடியிருப்பாலும் தனியே அந்த எண்ணிக்கையைத் தொட முடியாது. சேர்ந்தால் உண்டு, பிரிந்தால் இல்லை என்பதைத் திட்டத்தின் விதியே சொல்கிறது.

பயிற்சி கொடுக்கிறவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: கூட்டத்தை மாவட்டத் தலைநகரின் மண்டபத்தில் வைக்காதீர்கள், அடிவாரத்துக்கு வாருங்கள். தேன் காலம் முடிந்த பிறகு வராதீர்கள், முன்னால் வாருங்கள். அன்றைய தோப்புக் கூலியை இழந்து வருகிறவர்களுக்கு அந்தக் கூலியைக் கொடுங்கள். உங்கள் பாடத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் அவர்கள் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வாங்குகிற நமக்கும் செய்ய ஒன்று இருக்கிறது. ஆனியும் ஆடியும் வந்தால் குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் பக்கத்தில் தேன் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். தேன் சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும் காகிதத்தில் விட்டுப் பார்ப்பதும் எதையும் நிரூபிக்காது. அதைவிட உருப்படியான கேள்விகள் உண்டு: எந்த மலைத் தேன், எந்த மாதம் எடுத்தது, எடுத்தவர் எந்தக் குடியிருப்பு, நிகர எடை எவ்வளவு? பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் யாவாரியைக் கேட்பார். யாவாரி மலையடிவாரத்துக்குத் தராசோடு வருவார். அங்கே ஏற்கெனவே ஒரு தராசு இருக்கும்.