வீடு திரும்புதலும் ஒரு பணியே

அயல்நாட்டிற்குத் தொண்டாற்றச் செல்வோரை வழியனுப்ப நமக்கு நன்கு தெரியும். அந்நாட்டு மொழியைக் கற்பிக்கிறோம். தடுப்பூசி போடச் செய்கிறோம். திருப்பலியில் ஆசி வழங்கி, மாலையிட்டு அனுப்புகிறோம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அவர்கள் திரும்பி வரும்போது, சொந்த ஊரில் என்ன சிரமம் இருக்கப்போகிறது என்று எண்ணிவிடுகிறோம். வந்தவர்களோ பலவேளைகளில் தம் வீட்டிலேயே விருந்தாளியைப்போல் திகைத்து நிற்கிறார்கள்.

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த செவிலியர் ஒருவர், தான்சானியாவில் ஒரு மருத்துவமனையில் மூன்றாண்டுகள் ஊதியம் எதிர்பாராது பணியாற்றித் திரும்பியிருந்தார். அவர் இல்லத்திற்கு நாம் சென்றபோது தாய் வருந்தினார்: “பிள்ளை ரொம்ப மாறிப்போச்சு, சாமி. கல்யாண வீட்டுக்கு வரமாட்டேங்குது. யாராவது இலையில சோத்த மிச்சம் வச்சா முகம் வாடிப்போகுது.” மகள் மெல்லச் சொன்னார்: “எல்லாரும் ‘அங்க எப்படி இருந்துச்சு?’ன்னு கேக்குறாங்க, சாமி. நான் வாயத் திறக்கிறதுக்குள்ள ‘சரி, உனக்குக் கல்யாணம் எப்போ?’ன்னு அடுத்த கேள்வி வந்துடுது.”

இந்தத் தவிப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. அயல்நாடு செல்வோர் அங்கே முதலில் மகிழ்ந்து, பின் சோர்ந்து, பிறகு தேறுகின்றனர் என்று ஆய்வாளர்கள் முன்பே கண்டிருந்தனர். தாயகம் திரும்பியபின் அதே ஏற்ற இறக்கம் மீண்டும் ஒருமுறை நிகழ்கிறது என்று கல்லஹார்ன் தம்பதியர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1963இல் எடுத்துக்காட்டினர். புதிய நாட்டில் எல்லாம் புதிதாக இருக்கும் என்று மனம் முன்கூட்டியே அணியமாகிறது. வீடு புதிதாகத் தோன்றும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அடி பலமாக விழுகிறது.

நம் பழைய மதுரை மறைபரப்புத் தளத்தின் வரலாற்றிலேயே இவ்வாறு வீடு திரும்பிய ஒருவர் உண்டு. 1647இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, சிறுவயதில் போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தவர். இயேசு சபைத் துறவியாகி, 1673இல் கப்பலேறி, தமிழ் மண்ணில் காவியுடுத்திய பண்டாரசுவாமியாக, அருளானந்தராக வாழ்ந்தார். கருமாத்தூரில் 1970இல் தொடங்கப்பெற்ற கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மறவர் நாட்டில் சிறையும் சித்திரவதையும் கண்டபின், 1687இல் மறைத்தளத்தின் பேராளராகத் தாயகம் அனுப்பப்பட்டார். இளவயதுத் தோழர் அப்போது அரசராயிருந்தார். தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கும்படி அவரைத் தங்கவைக்க விரும்பினார். பெற்ற தாயும் அங்கிருந்தார். வசதிக்குக் குறைவில்லை. ஆயினும் தமிழகத்தில் பழகிய எளிய மரக்கறி உணவை அவர் லிஸ்பனிலும் விடவில்லை என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1690இல் மீண்டும் இந்தியா வந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் உயிர் ஈந்தார்.

அருளானந்தரைப்போல் மீண்டும் கடல் கடக்க எல்லாராலும் இயலாது. வயது முதிர்ந்த பெற்றோர், குடும்பக் கடன், தம்பி தங்கையர் படிப்பு என்று பலரும் இங்கேயே தங்க வேண்டியவர்களே. ஆனால் அவருடைய லிஸ்பன் நாட்கள் நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றன. அவர் அங்கே வேலையின்றி இருக்கவில்லை, பேராளராக இருந்தார். தொலைவில் இருந்த மக்களுக்காகத் தாயகத்தில் பேசுவதே அவர் பொறுப்பு. திரும்பி வந்தவருக்கு நாம் கொடுக்கத்தக்க மருந்தும் இதுவே. அவர் மனத்தில் சுமந்து வந்த மக்களுக்காக இங்கே பேச அவருக்கு இடம் தரவேண்டும்.

அந்தியோக்கியத் திருச்சபை இதை அறிந்திருந்தது. பவுலும் பர்னபாவும் முதல் பயணம் முடித்துத் திரும்பியபோது, சபை முழுவதும் கூடி அவர்கள் சொன்னதைக் கேட்டது என்றும், அவர்கள் அங்கே நெடுநாள் தங்கினர் என்றும் திருத்தூதர் பணிகள் 14ஆம் அதிகாரம் கூறுகிறது. கேட்பதற்கு ஒரு சபையும் தங்குவதற்குப் போதிய காலமும் அவர்களுக்குக் கிடைத்தன.

திரும்பி வந்தோருக்கும் ஒரு சொல். இலையில் சோறு மீந்ததற்காக உறவினரைக் கடிந்துகொள்வதால் தான்சானியாவின் பசி தீராது. உசிலம்பட்டி வட்டாரத்துப் புன்செய்க் காடுகளிலும் மழையை எதிர்பார்த்து ஏங்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே பொறுமையோடு நோயாளியின் கையைப் பற்றிய அதே கை இங்கும் தேவைப்படுகிறது.

ஆகவே பங்குமக்களே, அடுத்த முறை ஒருவர் திரும்பி வரும்போது, “அங்கே எப்படி இருந்தது?” என்று பொதுவாகக் கேட்டு நகர்ந்துவிடாதீர்கள். “அங்கே உங்கள் மனத்தில் நின்றவர் யார்? அவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். ஞாயிறு திருப்பலிக்குப்பின் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டாலே போதும். அவர் பாதி வீடு வந்து சேர்ந்துவிடுவார்.