வாலில் ஏறும் நாலு கிராம்

கல்யாண மேடையில் மாப்பிள்ளை, பெண் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டும் தொழில் ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தேய்ந்துபோனது. அந்தத் தொழிலில் ஆயுளில் பாதியைக் கழித்த ஒருவர், மேலூர்ப் பக்கம் தன் வீட்டு மாடிக் கொட்டகையில் ரிமோட் விமானங்கள் செய்கிறார். எழுத்து வெட்டிய அதே நிக்ரோம் கம்பியில்தான் இப்போது இறக்கை வெட்டுகிறார். சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் போட்டி நெருங்கும்போது அவரைத் தேடி வருகிறார்கள். எல்லோருக்கும் அவர் ‘அண்ணே’தான்.

நான் பார்க்க விரும்பியது விமானத்தைச் சமன் செய்யும் வேலையை. செய்து முடித்த விமானத்தைக் கடைசியில் விரலில் தாங்கிப் பார்ப்பதுதான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கொட்டகையில் அது முதல் வெட்டிலேயே தொடங்கிவிடுகிறது. மேசையில் ஒரு சமையலறைத் தராசு எப்போதும் இருக்கும். வால் பகுதிக்குப் போகும் ஒவ்வொரு துண்டும் அதில் ஏறி இறங்கும். வாலுக்கு மெல்லிய ஃபோம். வாலை அசைக்கும் சர்வோ மோட்டாரை அங்கேயே பொருத்துவது சுலபம். அவர் அதை இறக்கைக்கு அடியில் வைத்து, நீளமான கம்பியால் வாலோடு இணைக்கிறார். பசைத் துப்பாக்கியை வால் பக்கம் கொண்டுபோகும்போது அவர் கை சற்று நிதானிக்கிறது.

விமானம் செய்துகொண்டிருந்த மாணவி, செங்குத்து வாலில் கல்லூரியின் பெயரைப் பெயிண்டில் எழுதப் போனாள்.

“வால்ல வேணாம் பாப்பா. பேரை றெக்கையில எழுதிக்க.”

“நாலு கிராம்கூட வராதுண்ணே.”

அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த விமானத்தின் சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 50 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. மூக்கு முன்னால் நீள்வது 20 சென்டிமீட்டர்தான். வாலில் 4 கிராம் ஏறினால், அதை ஈடுகட்ட மூக்கில் 10 கிராம் வேண்டும். மொத்தம் 14 கிராம், ஒரு பெயருக்காக. எழுதுவதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர் இதைச் சொன்னபோது எனக்கு அவர்மேல் மதிப்பு இன்னும் கூடியது.

மூக்கில் ஈயக்கட்டி ஒட்டிச் சமன் செய்வது பரவலான வழக்கம். தூண்டில் ஈயம், நாணயம், கார் சக்கரத்தில் வைக்கும் எடை என்று கைக்குக் கிடைத்ததை ஒட்டுவார்கள். ரைட் சகோதரர்களே 1904-இல் தங்கள் விமானத்தின் முன்பகுதியில் இரும்பைச் சேர்த்துத்தான் அதன் தள்ளாட்டத்தைக் குறைத்தார்கள். ஆனால் அண்ணன் ஈயத்தைத் தொடுவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருப்பதை நகர்த்தித்தான் சமன் செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 180 கிராம் பேட்டரியை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னே தள்ளினால், அந்தப் பத்து கிராமின் வேலை முடிந்துவிடும். விமானத்தின் எடையும் ஏறாது. எடை ஏறினால் விமானம் வேகமாகப் பறந்தாக வேண்டும், வேகமாக இறங்கவும் வேண்டும். ஃபோம் அதைத் தாங்காது. அவர் பிடிவாதம் சரி என்றே எனக்கும் படுகிறது.

மாணவியின் விமானத்துக்கு 20 சென்டிமீட்டர் அகலமுள்ள நேர் இறக்கை. முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில், அதாவது 5-இலிருந்து 6.5 சென்டிமீட்டருக்குள், எடை மையம் விழ வேண்டும். ஒரு கட்டையில் இரண்டு பென்சில்களை நட்டு வைத்திருக்கிறார். புரொப்பெல்லர், பேட்டரி, ரிசீவர் எல்லாம் பொருத்தியபின், இறக்கையின் அடியில் போட்ட இரு கோடுகளும் பென்சில் முனையில் படும்படி விமானத்தை வைத்தார். வால் சரிந்தது. பேட்டரியை நகர்த்தினார். மூக்கு மயிரிழை தாழ்ந்து நின்றது. “முத தடவைக்கு இப்படி இருக்கட்டும்” என்றார்.

மூக்குப் பக்கம் ஏன் இந்தச் சாய்வு என்று கேட்டேன். இறக்கையும் வாலும் சேர்ந்து விமானத்தைத் தூக்கும் விசையில் காற்றடித்துக் கூடுவதும் குறைவதும் ஒரு புள்ளியில் வந்து விழுகிறது. எடை மையம் அந்தப் புள்ளிக்கு முன்னால் இருந்தால், மூக்கு தூக்கப்படும்போது கூடும் விசை பின்னாலிருந்து வாலை உயர்த்தி மூக்கைத் தானாகவே இறக்கும். பின்னால் போய்விட்டால் அதே விசை மூக்கை இன்னும் மேலே தள்ளும்; விமானம் தலைகீழாகப் போகும்வரை விடாது. இதை அவர் பாடமாகப் படித்ததில்லை. கையில் ஒரு விமானத்தை வைத்து ஆட்டி ஆட்டிச் சொன்னார். இப்படிப்பட்ட ஒருவரைக் கல்லூரிப் பட்டறையில் மரியாதையோடு உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கலாம். மனமாரச் சொல்கிறேன்.

பிறகு மூக்கையும் வால் முனையையும் நூலில் தொங்கவிட்டு இடம் வலம் பார்த்தார்கள். இடது இறக்கை தாழ்ந்தது. அந்தப் பக்கம் ஒட்டுடேப் ஒரு சுற்று கூடுதல், உரித்ததும் சரியானது.

சாயங்காலம் காய்ந்த கண்மாய்க்குப் போனோம். முதலில் மோட்டார் இல்லாமல் புல்மேல் வீசிப் பார்த்தார்கள். வழுக்கிக்கொண்டு போய் இறங்கியது. அடுத்து மோட்டாரோடு மேலே ஏற்றி, நேராகப் பறக்கவிட்டு, மோட்டாரைக் குறைத்துச் சரிவாகக் கீழே பாயவிட்டு, மாணவி ரிமோட்டின் குச்சியிலிருந்து விரலை எடுத்தாள். விமானம் விருட்டென்று தலையைத் தூக்கியது.

“மூக்கு கனம். அரை சென்டி பின்னாடி வை.”

இறக்கி, பேட்டரியை நகர்த்தி, மறுபடி ஏற்றினாள். இந்த முறை பாய்ச்சலிலிருந்து அவசரமில்லாமல் வளைந்து நேரானது. இன்னும் செங்குத்தாகப் பாய்ந்திருந்தால் வால் கனம் என்று பொருள். அதற்கு மேல் பின்னே நகர்த்தக் கூடாது.

அண்ணன் மார்க்கர் எடுத்துப் பேட்டரியின் விளிம்பு நின்ற இடத்தில் ஒரு கோடு கிழித்தார். போட்டிக்குச் சீனியர் அண்ணனிடம் பெரிய பேட்டரி வாங்கிப் போடப்போவதாக மாணவி சொன்னாள்.

“அப்ப இந்தக் கோடு செல்லாது பாப்பா. பென்சில் கட்டையையும் கையோட எடுத்துட்டுப் போ.”