மட்டந்தட்டல்

கணிதப் பாடத்தில் மட்டந்தட்டல் ஒரு சின்ன அலகு. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் அதற்குக் கிடைக்கும் புள்ளிகளும் கொஞ்சம்தான். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகளும் சறுக்குகிற இடம் அது.

போன வருடம் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு மாணவி பயிற்சிப் புத்தகத்தோடு இருந்தாள். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்று அறிந்ததும் கொப்பியை நீட்டினாள். 2.446 என்பதைக் கிட்டிய முதலாம் தசமதானத்துக்கு மட்டந்தட்ட வேண்டும்.

"2.5 தானே சேர்?"

"எப்படிப் பிள்ளை வந்தது?"

"கடைசியில ஆறு இருக்கு, அதால 2.45. இப்ப அஞ்சு இருக்கு, அதால 2.5."

விடை 2.4. முதலாம் தானத்துக்கு என்றால் இரண்டாம் தானத்து இலக்கத்தை மட்டுமே பார்க்க வேண்டும். அங்கே இருப்பது 4. மட்டந்தட்டியதை மறுபடியும் மட்டந்தட்டினால் உண்மை இன்னும் தூரப் போய்விடும்.

பிறகு நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். 125 பேர், ஒரு படகில் 30 பேர். எத்தனை படகு வேண்டும்? வகுத்தாள், 4.17 வந்தது. 4 என்று எழுதப் போனவள் நிறுத்தினாள்.

"அஞ்சு படகு வேணும் சேர். இல்லாட்டி அஞ்சு பேர் துறையிலேயே நிப்பினம்."

தீவுப் பிள்ளைக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

சமர்கந்தில் வாழ்ந்த ஜம்ஷீத் அல்காஷி 1424இல் வட்டத்தின் சுற்றளவுக்கும் ஆரைக்கும் உள்ள விகிதத்தை 16 தசமதானங்களுக்குச் சரியாகக் கணித்தார். எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்பதை அவர் முதலிலேயே வரையறுத்துக்கொண்டார். பேரண்டத்தின் சுற்றளவை அளந்தாலும் ஒரு குதிரை மயிரின் தடிப்பளவுகூட வித்தியாசம் வரக்கூடாது என்பதே அந்த வரையறை.

நம்மைப் பற்றிய கணக்குகளில் அந்த வரையறையை யார் வைத்தார்கள்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் நமக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வெளியேற்றப்பட்டோர் தொகையைப் பொதுவாக 75,000 என்று எழுதுகிறோம். அது மட்டந்தட்டிய எண். வாப்பா, உம்மாவோடு எங்கள் வீட்டில் ஆறு பேர். அந்த ஆறு பேரைக் கழித்தாலும் கூட்டினாலும் 75,000 மாறப்போவதில்லை.

மட்டந்தட்டுவது பொய் சொல்வதல்ல. மேடைப் பேச்சுக்கும் பத்திரிகைத் தலைப்புக்கும் கிட்டிய ஆயிரம் போதும். காணிக்கும் வீட்டுக்கும் வாக்காளர் இடாப்புக்கும் அது போதாது. அங்கே கிட்டிய ஒன்று வரை போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர் வேண்டும். பேச்சுக்கு எடுத்த எண்ணையே பட்டியலுக்கும் எடுத்தால் ஐந்து பேர் துறையில் நிற்பார்கள்.

அன்றைக்குத் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்று வெகு சிலரே. புத்தளத்திலோ யாழ்ப்பாணத்திலோ அவர்கள் இருக்கிற வீடுகளுக்குப் போய், பெயர்களைக் கேட்டு எழுதி வைப்போம். கூட்டுத்தொகையைப் பிறகு பார்க்கலாம்.